பாயிண்டுக்கு நடுவில் ஒரு பேப்பர்

"வண்டி மலை ஏற மாட்டேங்குது. நான் மேல போயாகணும்."

தனுஷ்கோடி வாத்தியார் தன் பழைய மோட்டார் பைக்கை இன்னும் ஸ்டாண்டில்கூடப் போடவில்லை. அதற்குள் புகார்.

போடியில் மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் மெஹராஜின் பட்டறை. அவளுக்கு முப்பத்தாறு வயது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் மலைமேலிருந்துகூட அவளைத் தேடி இறங்கி வருவார்கள். வேலை சுத்தம். பேச்சுதான் கொஞ்சம் கஞ்சம்.

"எங்க நிக்குது?"

"ரெண்டாவது வளைவுல. இழுவையே இல்ல. சைலன்சர் பட்டாசு மாதிரி வெடிக்குது. எஞ்சின் கொதிக்குது. கார்புரேட்டர்ங்கிறான் ஒருத்தன், பிளக்குங்கிறான் ஒருத்தன்."

"டைமிங் யாரு வச்சது?"

"நான்தான். புத்தகத்தைப் பாத்து, வரிக்கு வரி."

"எப்ப மேல போகணும்?"

"நாளைக்கு!"

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. வாத்தியார் விடுவாரா? கேட்காததையும் சொன்னார்.

மகன் நன்மாறன் மலைமேல் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறான். சர்க்கார் வேலைப் பரீட்சையில் மூன்று தடவை ஃபெயில். இரண்டு வருஷமாக வீட்டுப் பக்கமே வரவில்லை. வியாழக்கிழமை திடீரென்று ஒரு மெசேஜ்: 'ஞாயித்துக்கிழமை வாங்கப்பா. ஒரு விஷயம் சொல்லணும். நேர்ல சொல்றேன். போன்ல கேக்காதீங்க.'

கேக்காதே என்றால் கேட்காமல் இருக்கிற பிறவியா அவர்? அன்றிலிருந்து இந்தச் சனிக்கிழமைக்குள் பதினேழு தடவை போன் போட்டிருந்தார். பதினேழு! அவன் ஒன்றையும் எடுக்கவில்லை.

"பஸ்ல போகலாமே சார்."

"பஸ்ல போனா வாத்தியார் வந்த மாதிரி இருக்கும்மா. இந்த வண்டியிலதான் அவன் ஓட்டப் பழகினான். இதுல போனாத்தான் அப்பா வந்த மாதிரி இருக்கும்."

மெஹராஜ் ஒரு முக்காலியை வண்டிப் பக்கத்தில் போட்டாள். ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தாள்.

"டைமிங்கை நீங்களே வைங்க. நான் பாக்கறேன்."

"நீ செய்வேன்னுதானேம்மா வந்தேன்!"

அவள் எதிரில் இன்னொரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

பாயிண்ட் என்பது ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சின்னக் குமிழ்கள். அவை பிரிகிற நொடியில்தான் பிளக்கில் பொறி பறக்கும். பிஸ்டன் தன் இடத்துக்கு வந்திருக்கும்போது அவை பிரிய வேண்டும். அந்த நொடி கண்ணுக்குத் தெரியாது. அதனால் நடுவில் ஒரு சிகரெட் பேப்பரைச் செருகி வைப்பார்கள். பாயிண்டைத் தாங்கும் பிளேட்டைத் திருப்பத் திருப்ப, பேப்பர் எந்த இடத்தில் விடுபடுகிறதோ அங்கே முடுக்க வேண்டும். டைமிங் வைப்பது என்றால் அவ்வளவுதான் வித்தை.

வாத்தியார் பிளக் துவாரத்தில் கம்பி விட்டு அளந்து பிஸ்டனை நிறுத்தினார். பேப்பரைச் செருகினார். ஒரு கையில் பேப்பர், ஒரு கையில் பிளேட்.

"வந்துருச்சு!"

முடுக்கினார், உதைத்தார், கிளம்பினார். முதல் வளைவிலேயே படபடவென்று வெடிக்கிற சத்தம் பட்டறைவரை கேட்டது. வியர்த்து ஒழுகத் திரும்பி வந்தார்.

"மறுபடியும்," என்றாள் மெஹராஜ்.

எஞ்சின் சூடு ஆறட்டும் என்று காத்திருந்த நேரத்தில் மகனுக்குப் பதினெட்டாவது போன். எடுக்கவில்லை. பத்தொன்பது. ம்ஹூம்.

மறுபடியும் வைத்தார். மறுபடியும் அதே வெடி.

"என்னம்மா, வேடிக்கை பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே? எனக்கு உசுரு போகுது!"

"அந்தப் பேப்பரைக் குடுங்க."

கொடுத்தார். அவள் இடுக்கியால் பாயிண்டுக்கு நடுவிலிருந்து பொடித் துணுக்கு ஒன்றை எடுத்தாள். பேப்பரின் ஓரத்தில் வைத்தாள். பொருந்தியது.

"கிழிஞ்சிருக்கு," என்றார் வாத்தியார்.

"ஆமா."

"அப்ப தானா வரலையா?"

"நீங்க இழுத்தீங்க."

"முந்தி இழுத்தா டைமிங் முந்தியில்ல போகணும்? இது பிந்திப் போயிருக்குன்னுதானே இந்த வெடி வெடிக்குது?"

"பாயிண்ட் பிரிஞ்சிருச்சுன்னு நெனச்சு பிளேட்டை நிறுத்திட்டீங்க. அது பிரியல. அது பிரியறப்போ பிஸ்டன் தாண்டிப் போயிருது."

வாத்தியார் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அதில்தான் அவருக்குக் கோபம்.

"சரி, இழுக்கல. போதுமா?"

புதுப் பேப்பர். செருகிவிட்டு நுனியை விரலால் பிடித்துக்கொண்டார்.

"இழுக்கறீங்க சார்."

"சும்மா தொட்டுக்கிட்டுதாம்மா இருக்கேன்."

"இழுக்கறீங்க."

"தொடாம எப்படித் தெரியும்?"

மெஹராஜ் எழுந்து வந்தாள். பேப்பரின் தொங்கும் நுனியில் கொஞ்சம் கிரீஸ் தடவி, எடைக்குக் குட்டி வாஷர் ஒன்றை ஒட்டினாள். அவர் கையைப் பேப்பரிலிருந்து எடுத்து அவர் முழங்கால்மேலேயே வைத்தாள்.

"பிளேட்டை மட்டும் திருப்புங்க."

திருப்பினார். ஒன்றும் ஆகவில்லை.

மயிரிழை திருப்பினார். வாஷர் தொங்கிக்கொண்டே இருந்தது.

"எங்கேயோ மாட்டிக்கிச்சும்மா. லேசா ஒரு தட்டு..."

"வேண்டாம்."

இன்னொரு மயிரிழை. அந்த மனுஷன் பயந்துபோயிருந்தார். வண்டிக்காக அல்ல.

"நாளைக்கு அவன் என்ன சொல்லப் போறானோன்னு பயமா இருக்கும்மா. எதுவானாலும் இப்பவே தெரிஞ்சுட்டாத் தேவலன்னு இருக்கு."

"தெரியுது சார். திருப்புங்க."

திருப்பினார்.

டிக்.

வாஷர் தரையில் கிடந்தது. கூடவே பேப்பர், முழுசாக.

இந்தத் தடவை நாலாவது வளைவுவரை போய்த் திரும்பினார். ஒரு வெடி இல்லை. எஞ்சின் நிதானமாகத் தட்டியது. மனுஷன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்து இறங்கினார்.

அப்போது போன் அடித்தது. நன்மாறன்.

"அப்பா."

வாத்தியார் வாயைத் திறந்தார். கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூடிக்கொண்டார்.



"அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

அவர் காத்திருந்தார். அரை நிமிஷம் இருக்கும். அவருக்கு அது அரை வருஷம்.

"நான் பரீட்சை எழுதவே இல்லப்பா."

வாத்தியார் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"மூணு தடவையும் ஹால் வாசல்வரைக்கும் போனேன். உள்ள போகக் காலு வரல. ஃபெயில்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

முப்பத்து நாலு வருஷம் பரீட்சை நடத்தியவர். பட்டறைத் தரையில், அந்த எண்ணெய்ப் பிசுக்கிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் முட்டியது. மெஹராஜ் கை கழுவுகிற சாக்கில் வெளியே போனாள்.

"அப்பா? ஏதாவது கேளுங்கப்பா."

வாத்தியார் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில வர்றேன்," என்றார். "மலை இறங்கறப்போ நீ ஓட்டு."