பொட்டை அழித்த அங்கப்பன்

அந்தக் காலத்தில், ரத்த அணுக்களும் அவற்றுக்குள் ஓடியாடும் தூதர்களும் நம்மைப் போலவே வாயாடிக்கொண்டிருந்தபோது, ஒரு சின்னப் பெண்ணின் எலும்புக்குள் இளம் வெள்ளையணு ஒன்று இருந்தது. அதன் நடு அறையில் கருவம்மா குடியிருந்தாள். அணு என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பவள் அவள்தான். ஆனால் வெளியே நடப்பது தூதர்கள் சொன்னால்தான் அவளுக்குத் தெரியும். வாசல் தூதன் மருதப்பன். அவள் அறைக்குள் போய்ச் சேதி சொல்பவன் அங்கப்பன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. சேதி கொடுப்பவர், வாங்குபவரின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைப்பார். யார் வைத்த பொட்டோ, அவருடைய சேதிதான் வாயில் வரும். அதை அழித்தால் ஊமையாகிவிடுவோம் என்று எல்லோரும் நம்பினார்கள். யாரும் அழித்துப் பார்த்ததில்லை.

இந்த மருதப்பனுக்கோ பொட்டு வைப்பதில் அப்படியொரு மோகம். வாசலில் ஈ காக்கை இல்லாதபோதும், "பெருகச் சொல்லு, பெருகச் சொல்லு" என்று அங்கப்பன் நெற்றியில் அப்பிக்கொண்டே இருந்தான். கருவம்மா, பாவம், சொன்னதைச் செய்தாள். ஒன்று இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. அத்தனையும் வளராத விடலைகள். கிருமியைப் பிடிக்கத் தெரியாது, இடத்தை அடைத்துக்கொண்டு தின்னத் தெரியும். சிவப்பணுக்களுக்கு நிற்க இடமில்லை. பெண் வெளுத்துப்போனாள். காய்ச்சல் கொதித்தது. நாம் ரத்தப் புற்று என்கிறோமே, அதுதான் இது.

பக்க வாசலில் பூவாத்தாள் என்றொரு தூதி இருந்தாள். அவள் அங்கப்பனை வழிமறித்தாள்.

"அண்ணே, நெத்தியைக் காட்டுங்க. முதிரச் சொல்லி எங்கிட்ட சேதி வந்து கிடக்கு."

"காட்ட எங்கம்மா இடம்? மருதப்பன் பொட்டு இருக்கே."

"அழிச்சிருங்க."

"அழிச்சா பேச்சு போயிரும் தாயி."

"இப்ப மட்டும் நீங்களா பேசுறீங்க?"

அங்கப்பனுக்குச் சுருக்கென்றது. பெண்ணின் தொண்டையில் இருந்த புண் வழியாகக் கிருமிகள் திமுதிமுவென்று இறங்கும் சத்தம் கேட்டது. பெண் போனால் எல்லோரும் கூடவே போக வேண்டியதுதான்.

"டேய், தொடாதே" என்று மருதப்பன் கத்தினான்.

அங்கப்பன் கண்ணை மூடிக்கொண்டு புறங்கையால் நெற்றியைத் துடைத்தான். வாய் அடைத்துப்போயிற்று. செத்தோம் என்று நினைத்தான். அதற்குள் பூவாத்தாள் ஓடிவந்து தன் பொட்டை வைத்தாள். அவன் தட்டுத்தடுமாறி நடு அறைக்குள் போனான்.

"அம்மா, பெருகினது போதும். முதிருங்க."

குரல் கணீரென்று வந்தது. அவனாலேயே நம்ப முடியவில்லை.

"இதைச் சொல்ல ஒருத்தர் வரலியேன்னுதானப்பா இருந்தேன்" என்றாள் கருவம்மா. உருண்டையாக இருந்தவள், முதிர்ந்த அணுவின் கருவைப் போல மடிப்பு மடிப்பாக உருமாறினாள். விடலை அணு ஆளாகி நிமிர்ந்தது. அணு பெருகியபோதெல்லாம் உள்ளே இருந்தவர்களும் பெருகியிருந்ததால், ஒவ்வொன்றிலும் ஓர் அங்கப்பன் இருந்தான். சேதி சுவர் தாண்டிப் பரவ, அத்தனை அங்கப்பன்களும் நெற்றியைத் துடைத்துவிட்டுப் பூவாத்தாள் பொட்டை வாங்கிக்கொண்டார்கள். வளர்ந்த வெள்ளையணுக்கள் பட்டாளமாக ரத்தத்தில் இறங்கிக் கிருமிகளை விழுங்கித் தள்ளின. சிவப்பணுக்கள் ஆசைதீரக் காலை நீட்டின. பெண் எழுந்து உட்கார்ந்து, இட்லி வேண்டும் என்றாள். அங்கப்பனுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

இன்றைக்கும் எங்காவது ஒரு மருதப்பன் அடம்பிடிப்பதுண்டு. அப்போது மருத்துவர் கொடுக்கும் மாத்திரை போய் அவன் கையைப் பிடித்துக்கொள்கிறது. மற்றபடி, அன்று முதல்தான் நம் உடம்பின் தூதர்கள் சேதியைச் சொன்ன கையோடு பொட்டை அழித்துவிட்டு, அடுத்த சேதிக்கு வெறும் நெற்றியோடு தலைநிமிர்ந்து நிற்கிறார்கள்.