குடை நிழல் விழுந்த இடம்

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள், ஓர் அரசர் குளத்து நீரில் முகம் பார்த்து மீசை முறுக்குவதை வழக்கமாக வைத்திருந்தார். ஒரு மழைக்காலம் முடிந்ததும் குனிந்து பார்த்தார். முகம் தெரியவில்லை. பச்சைப் பாசிதான் தெரிந்தது. நாற்றம் வேறு.

"யார் செய்த வேலை இது?"

அரண்மனைக் குதிரைகளைக் கட்டும் பந்தியின் தலைவர் விழுப்பரையர் இதற்கே காத்திருந்தவர்போல் முன்னால் வந்தார். "நெசவாளர் தெருக் கழிவுதான், அரசே. மழைநீர் வாய்க்கால் அந்தத் தெரு வழியாகத்தானே வருகிறது? தெருவை இடித்துவிட்டால் குளம் தெளியும்." அந்த இடத்தில் இன்னொரு குதிரைப்பந்தி கட்ட அவருக்கு ஆசை. அது அரசரைத் தவிர ஊருக்கே தெரியும்.

அரசர் வாய் திறக்குமுன், அவையைச் சிரிக்கவைக்கும் விகடன் சாத்தன் குறுக்கே வந்தான். அவன் பிறந்த தெரு அது. "அரசே, சாணமும் கழிநீரும் வயலுக்குப் போனால் நெல்லை வளர்க்கின்றன, குளத்துக்கு வந்தால் பாசியை வளர்க்கின்றன. வழியிலேயே அதைத் தின்ன ஒரு வாய் வைத்தால் போதும். வாய்க்கால் ஓரம் கொஞ்சம் இடம் தாருங்கள்."

"ஒரு வண்டி திரும்ப இடமில்லாத ஊரில் இடமா?" என்று சிரித்தார் விழுப்பரையர். "வேண்டுமானால் அரசரின் குடை நிழல் விழும் இடத்தை எடுத்துக்கொள்ளட்டும். அதற்குமேல் ஒரு விரல்கூடக் கூடாது."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர். "அடுத்த மழைக்குப் பிறகும் என் முகம் தெரியாவிட்டால் அந்தத் தெரு இருக்காது, சாத்தா. உன் தலையும் இருக்காது."

அரசர் வாய்க்கால் ஓரமாகவே அரண்மனைக்குத் திரும்பினார். குடைக்காரன் கூடவே நடந்தான். பின்னால் சாத்தன் ஒரு கூடைச் சுண்ணாம்போடு, குனிந்து குனிந்து கோடு போட்டபடி வந்தான்.

"என்ன செய்கிறாய்?"

"நிழல் விழும் இடத்தைக் குறிக்கிறேன், அரசே. ஒரு விரல்கூட மீறவில்லை."

விழுப்பரையரின் முகம் கறுத்தது. கொடுத்த வாக்கை மாற்ற முடியாமல் அரசர் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தார். குளத்தங்கரையிலிருந்து, அரண்மனையை ஒட்டிய குதிரைப்பந்தி வாசல்வரை ஒடுக்கமான நீளத் துண்டு ஒன்று சாத்தனுக்குக் கிடைத்தது.

நெசவாளர்கள் அதைத் தோண்டி, செங்கல் சல்லியும் கரியும் மணலும் நிரப்பி, மேலே வெட்டிவேரை நெருக்கி நட்டார்கள். குளத்துப் பாசியை வாரிவிட்டு, வாய்க்கால் நீரை அந்தத் துண்டு வழியாகத் திருப்பினார்கள். ஐப்பசியில் மழை கொட்டியது. தெருவில் ஒருவரும் தறியில் உட்காரவில்லை. எல்லோர் கண்ணும் வாய்க்காலில் இருந்தது.

மழை விட்டதும் அரசர் வந்து குளத்தில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. சாத்தன் தன் கழுத்தைத் தடவிக்கொண்டான்.

அரசர் மெல்ல மீசையை முறுக்கினார்.

"அந்த அழுக்கெல்லாம் எங்கே போயிற்று?"

சாத்தன் அவரை வாய்க்கால் ஓரம் அழைத்துப் போனான். நெசவாளர் தெருவில் வெட்டிவேர் முழங்கால் உயரம் நின்றது. குதிரைப்பந்தி வாசலில் ஆளையே மறைத்தது. அதன் அடியில் குதிரை லத்தி குவியலாகச் சிக்கிக் கிடந்தது.

"வாய் எங்கே நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது என்று நீங்களே பாருங்கள், அரசே."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துத் திரும்பினார். "விழுப்பரையரே, இனி இதை வாரி வயலில் சேர்ப்பது உம்முடைய வேலை. உம் கையாலேயே செய்யும்." சாத்தனுக்குப் பொன்முடிப்பும், நெசவாளர் தெருவுக்கு இனி யாரும் இடிக்கக் கூடாது என்ற கல்வெட்டும் கிடைத்தன.

வெயில் ஏறிவிட்டது. குடைக்காரன் குடையை விரித்தான். அரசர் சாத்தனைத் திரும்பிப் பார்த்தார். அவன் காலடியில் சுண்ணாம்புக் கூடை இருந்தது.

"நீ இங்கேயே நில்" என்று குடைக்காரனிடம் சொல்லிவிட்டு, அரசர் வெயிலிலேயே அரண்மனைக்கு நடந்தார்.