கோயில் பக்கச் சக்கரம்

தேரை இழுக்கிறவர்கள் தேரைப் பார்ப்பதில்லை. வடத்தைப் பிடித்து முன்னால் போகிறவர்களுக்குத் தேர் எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான்.

அய்யாக்கண்ணு அப்படித்தான் இழுத்தார், மீசை அரும்பிய நாளிலிருந்து தலை நரைக்கும் வரைக்கும். ஊரிலேயே பெரிய குரல் அவருடையது. அவர் "இழு" என்றால் வடம் தானாகவே விறைக்கும் என்று சொல்வார்கள். சொன்னது பெரும்பாலும் அவர்தான்.

தேருக்கு முகம் கொடுத்து நிற்கிறவர்கள் இரண்டே பேர். கட்டைக்காரர்கள். முன்சக்கரங்களுக்கு முன்னால் ஆளுக்கொரு பக்கம், தேரைப் பார்த்தபடி பின்னோக்கியே நடந்து வருவார்கள். கையில் நீளக் காம்பு வைத்த புளியமரக் கட்டை. இரண்டு சக்கரத்துக்கும் அடியில் கட்டை கொடுத்தால் தேர் நிற்கும். ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் அந்தப் பக்கமாகத் திரும்பும். கொடுக்காவிட்டால் தேர் நேராகப் போகும். எதிரே என்ன இருந்தாலும் போகும்.

அந்த வருஷம் திருவிழா நெருங்குகிற நேரத்தில், தேர் கோயிலைச் சுற்றுகையில் உள்பக்கம் வருகிற கோயில் பக்கச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர் குளத்துப் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஏன், நான் செத்தா போயிட்டேன்? நான் போடுறேன்" என்றார் அய்யாக்கண்ணு. துண்டை உதறித் தோளில் போட்டார்.

வீட்டுப் பக்கச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவன் வைத்திலிங்கம். அய்யாக்கண்ணுவின் அக்கா மகன். பிறகு அவர் மகள் பவளக்கொடியைக் கட்டி மருமகனும் ஆனவன். பேச்சு கம்மி. ஆனால் கட்டை விஷயத்தில் அவன் சொன்னால் சொன்னதுதான். ஆக, மாப்பிள்ளை குரு, மாமனார் சிஷ்யர். ஊர் வாய்க்கு வெற்றிலையே வேண்டியிருக்கவில்லை.

பழகிக்கொள்வதற்காக ஒருநாள் தேரைக் கொஞ்ச தூரம் நகர்த்தினார்கள். அன்றுதான் அய்யாக்கண்ணு முதன்முதலாக நகர்கிற தேரை முன்னாலிருந்து பார்த்தார்.

கோபுரம் எழுந்து நடந்து வருகிற மாதிரி அது வந்தது. சக்கரம் அவர் உயரம் இருந்தது. அதன் அடியில் ஒரு கருங்கல் சிக்கி, நொறுக்கென்று மாவாகிப் போனது.

அய்யாக்கண்ணுவின் கையிலிருந்து கட்டை நழுவி விழுந்தது.

வைத்திலிங்கம் தன் கட்டையைக் கொடுத்துவிட்டுப் பாய்ந்து வந்து, அதை எடுத்துச் சக்கரத்தடியில் கொடுத்தான். தேர் நின்றது. யாரும் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

சாயங்காலம் அவர் மாப்பிள்ளையைத் தேடிப் போனார். குரல் பாதியாக இருந்தது.

"மாப்ளே."

"சொல்லுங்க மாமா."

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. கை நடுங்குது. பயம் போக ஒரு வழி சொல்லு."

வைத்திலிங்கம் தன் இரண்டு விரலைச் சேர்த்து அவருடைய காறை எலும்புக்குக் கீழே வைத்தான்.

"இங்க தட்டுங்க. மெதுவா. அப்புறம் உள்ளங்கை ஓரத்துல. அப்புறம் கண்ணுக்குக் கீழ, பூ மாதிரி."

"ம்."

"தட்டும்போது மூக்கால மூச்சை இழுங்க. நெஞ்சுல இல்ல, வயித்துல நிறையணும். விடுறப்ப சூடான கஞ்சியை ஊதி ஆத்துற மாதிரி வாயால விடுங்க. இழுத்ததைவிட விடுறது நீளமா இருக்கணும்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"மந்திரம் கிந்திரம்?"

"இல்ல மாமா."

அய்யாக்கண்ணுவுக்கு ஏமாற்றமாக இருந்தது. இருந்தாலும் தட்டினார். உட்கார்ந்தால் தட்டினார், நடந்தால் தட்டினார். டீக்கடையில் ஒரு கையால் கிளாஸைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தட்டினார். சாப்பிடும்போதும் தட்டுவதைப் பார்த்த பவளக்கொடி, சோற்றுக் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"யாருப்பா உள்ள? இவ்வளவு நேரமா தட்டுறீங்க, தொறக்கமாட்டேங்குறாங்களா?"

"உன் புருஷனைக் கேளு" என்றார் அவர்.

அவரே போய்க் கேட்டார்.

"மாப்ளே, தட்டிட்டேன்."

"சரி."

"மூச்சும் நீ சொன்ன மாதிரியே விட்டேன். நெஞ்சு கொஞ்சம் அடங்குது. பொய் சொல்லக்கூடாது."

"சரி."

"ஆனா பயம் போகல."

"சரி."

"என்னடா சரி! எப்பப் போகும்?"

"சந்தைக்கு வாங்க மாமா. தேருக்கு முன்னாடி உடைக்கத் தேங்காய் எடுக்கணும்."

சந்தையில் தேங்காய் மலையாகக் குவிந்து கிடந்தது. தேங்காய் பொறுக்குவதில் அய்யாக்கண்ணுவை மிஞ்ச ஆளில்லை. உட்கார்ந்தார். ஒரு காயை எடுத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து, விரல் முட்டியால் தட்டினார்.

"இது இளசு."

அடுத்ததைத் தட்டினார். "இது முத்தல். வை."

இன்னொன்றைத் தட்டினார், குலுக்கினார், முகத்தைச் சுளித்துக் கடைக்காரன் பக்கம் தள்ளிவிட்டார். "தண்ணி ஆடல. தண்ணி ஆடாத காயை சாமிக்கு உடைப்பாங்களா? யாரை ஏமாத்துற?"

"காலையிலேர்ந்து நூறு பேர் வந்தாங்க, ஒருத்தர் வாய் தொறக்கல" என்றான் கடைக்காரன்.

"அவங்களுக்குக் காது இல்ல."

வைத்திலிங்கம் பக்கத்தில் குந்தினான்.

"எதுக்கு மாமா தட்டுறீங்க?"

"உள்ள என்ன இருக்குன்னு தெரியத்தான்."

"தட்டினா உள்ள இருக்கிற தண்ணி போயிடுமா?"

அய்யாக்கண்ணு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வெயில்ல நின்னு உனக்கு மண்டை காஞ்சிடுச்சா? தட்டினா தண்ணி எப்படிடா போகும்?"

வைத்திலிங்கம் பொறுக்கிய காய்களைச் சாக்கில் போட்டுக் கட்டி, தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான்.

"நான் ஒண்ணு கேட்டா இவன் ஒண்ணு கேக்குறான்" என்று கடைக்காரனிடம் சொன்னார் அய்யாக்கண்ணு. "இதுக்குப் பேரு குரு."

தேருக்கு முந்தின நாள். கிழக்கு வீதி முடிந்து தெற்கு வீதி தொடங்குகிற முக்கு. அந்த இடத்தில் தரை சரிந்து இறங்கும். தேர் கோயில் பக்கமாகத் திரும்ப வேண்டிய முதல் இடம் அதுதான். திரும்பாவிட்டால் நேர் எதிரே பவளக்கொடி வருஷாவருஷம் வைக்கிற நீர்மோர்ப் பந்தல். அவள் அப்போதுதான் பந்தலுக்குக் கீற்று வேய்ந்துகொண்டிருந்தாள். கைக்குழந்தை அவள் இடுப்பில் இருந்தது.

"பந்தலை அந்தாண்ட தள்ளிப் போடும்மா."

"ஏம்ப்பா? எப்பவும் இங்கதானே போடுறோம்?"

"தேர் கீர் இந்தப் பக்கம்..."

"எப்படி வரும்? அதான் நீங்க நிக்கிறீங்களே" என்றாள் அவள், கீற்றை முடிச்சுப் போட்டபடி.

அய்யாக்கண்ணு நேராக வைத்திலிங்கத்திடம் போனார். அவன் இரண்டு கட்டைகளையும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டுக்கொண்டிருந்தான்.

"மாப்ளே, நான் விலகிக்கிறேன்."

அவன் நிமிரவில்லை.

"பயம் அப்படியே இருக்கு. அதை வச்சுக்கிட்டு நான் அங்க நின்னா, கட்டை விழுமா விழாதா எனக்கே தெரியாது. விழலேன்னா தேர் நேரா வரும். வீட்டுப் பக்கம் நீ நிப்ப. உனக்குப் பின்னாடி அவ நிப்பா, பிள்ளையோட."

"ஆமா."

"உனக்குப் பயமா இல்லையா?"

"ஊறின கட்டைதான் வெடிக்காது மாமா" என்றான் வைத்திலிங்கம். "உங்க கட்டையைப் புரட்டி விடுங்க, அந்தப் பக்கம் காஞ்சிருக்கு."

அவர் குனிந்து கட்டையைப் புரட்டி விட்டார்.

மறுநாள் விடிந்தது. அடடா, என்ன கூட்டம்! வெயில் ஏறும் முன்பே வீதி நிறைந்து, மாடி நிறைந்து, மரம் நிறைந்துவிட்டது. தவிலும் பறையும் ஒன்றையொன்று விடமாட்டேன் என்று முழங்கின. தேங்காய்கள் சிதறின, சில்லுக்குப் பிள்ளைகள் பாய்ந்தார்கள். சாமி ஏறியாயிற்று. வடம் மண்ணைவிட்டு எழுந்தது.

"இழு!"

இந்த வருஷம் அந்தக் குரல் வேறு யாருடையதோ.

தேர் அசைந்தது. உச்சியில் கொடி துள்ளியது, மணிகள் எல்லாம் ஒன்றாகக் குலுங்கின. அய்யாக்கண்ணு பின்னால் ஓர் அடி வைத்தார். தட்டினார். மூச்சை இழுத்தார், நீளமாக விட்டார். கட்டையைக் கொடுத்தார். அந்தப் பக்கம் வைத்திலிங்கமும் கொடுத்தான். சக்கரம் கட்டையைக் கடித்து நின்றது.

நின்றுவிட்டது!

"பலே அய்யாக்கண்ணு அண்ணே!" என்று மாடியிலிருந்து ஒரு குரல்.

கட்டையை எடுத்தார். பின்னால் நடந்தார். தட்டினார். விட்டார். கொடுத்தார். மறுபடியும் நின்றது. சந்தோஷத்தில் அவருக்குக் கூவ வேண்டும் போல இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் பயம் அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது, வாடகை இல்லாமல் குடியிருக்கிறவன் மாதிரி.

சரிவு வந்தது.

தேர் தானாக உருளத் தொடங்கியதும் வடம் இலேசாயிற்று. இழுக்கிறவர்களுக்கு உற்சாகம் தலைக்கேறி, ஓடினார்கள்.

"ஓடாதே! ஓடாதே!" என்று கத்தினான் வைத்திலிங்கம்.

அவர்கள் எங்கே கேட்டார்கள்! அவர்களுக்குத் தேர் முதுகுக்குப் பின்னால்.

வடம் முக்கில் வளைந்து தெற்கு வீதிக்குள் போய்விட்டது. தேர் வளையவில்லை. நேராக வந்தது. அய்யாக்கண்ணு ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். பந்தல். மோர்ப்பானைகள். கையில் அகப்பையோடு பவளக்கொடி, இடுப்பில் குழந்தை. அவள் நகரவில்லை. பின்னால் நெரிக்கிற கூட்டத்தில் நகர இடமும் இல்லை.

அவர் நெஞ்சில் தட்டினார். போ.

போகவில்லை.

பலமாகத் தட்டினார். போ, போயேன்!

சக்கரம் வந்துகொண்டே இருந்தது. கட்டை கையோடு ஒட்டிக்கொண்டது. இது போகட்டும், போனதும் கொடுத்துவிடுகிறேன், போகட்டும்...

அப்போது தேருக்கு அடியில், இரண்டு சக்கரத்துக்கும் நடுவிலிருந்த வெளிச்சத்தில், எதிர்ப்பக்கம் தெரிந்தது. வைத்திலிங்கம் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தான். ஒரு கையில் கட்டை. இன்னொரு கையின் இரண்டு விரல் காறை எலும்புக்குக் கீழே. தட், தட், தட். உதடு குவிந்திருந்தது, கஞ்சி ஆற்றுகிறவன் மாதிரி.

"அடப்பாவி!"

அய்யாக்கண்ணு கத்திவிட்டார். பாதி கத்தல், பாதி சிரிப்பு. அடிவயிற்றில் இருந்த மூச்செல்லாம் அதோடு போயிற்று. நீளமாக, வயிறு ஒட்டும் வரைக்கும் போயிற்று.

கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நடுங்கிய கையோடு கட்டையைக் கொடுத்தார்.

மரம் அலறியது. புகை எழுந்தது. சக்கரம் கட்டை மேல் ஏறப் பார்த்தது. அவர் காம்பை விடவில்லை. உச்சிக்கொடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, கூட்டம் "ஐயோ" என்று எழுந்தது. பிறகு வீட்டுப் பக்கச் சக்கரம் மண்ணை அரைத்துக்கொண்டு வட்டம் போட்டது. வைத்திலிங்கம் துள்ளி விலகினான். தேர்ச்சீலை பந்தல் கீற்றைத் தடவிவிட்டுப் போயிற்று. ஒரு மோர்ப்பானை மட்டும் கவிழ்ந்து, வீதியில் வெள்ளையாக ஓடியது.

ஒரு கணம் தவில்கூட அடங்கியிருந்தது.

தேர் தெற்கு வீதியைப் பார்த்து நின்றது.

அப்புறம் எழுந்த சத்தம் இருக்கிறதே, பக்கத்து ஊரில் தேர் அங்கே வந்துவிட்டதோ என்று வாசலுக்கு வந்து பார்த்தார்களாம்.

நடுப்பகலில் தேர் நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வந்தது. இரண்டு பேரும் சக்கரத்து நிழலில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். பவளக்கொடி மிச்ச மோரைக் கொண்டுவந்து ஊற்றினாள்.

"மாப்ளே! திரும்பிடுச்சு!"

"திரும்பிடுச்சு மாமா."

"எல்லா முக்கும் திரும்பிடுச்சுடா!"

"ஆமா மாமா."

"ஆனா ஒண்ணு. பயம் போகவே இல்ல. கடைசி முக்கு வரைக்கும் கூடவே வந்துச்சு. இப்பக்கூடப் பாரு." டம்ளரை நீட்டினார். மோர் விளிம்பில் தளும்பிக்கொண்டிருந்தது.

வைத்திலிங்கம் பார்த்தான்.

"நீயும் தட்டுனே. நான் பாத்துட்டேன்."

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"கட்டையைக் கையில எடுத்த நாள்லேர்ந்து."

"உனக்கும் போகலையா?"

வைத்திலிங்கம் மோரைக் குடித்தான்.

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்னடா கேடு? சரி விடு. அடுத்த வருஷமாவது எனக்குப் போகுமா? போகாதுன்னா இப்பவே சொல்லிடு, வேற ஆளைப் பாரு."

வைத்திலிங்கம் டம்ளரைக் கீழே வைத்தான். இரண்டு விரலைச் சேர்த்து மாமனாரின் நெஞ்சில் தட்டினான். பிறகு அவருடைய தோள் இரண்டையும் பிடித்து, காதை அவர் நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், லேசாகக் குலுக்கினான். பவளக்கொடி சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.

"தண்ணி ஆடுது மாமா" என்றான். "அடுத்த வருஷமும் கோயில் பக்கம் நீங்கதான்."