விட்டுப்போன பட்டம்

போலி இணையப் பக்கத்தில் கடவுச்சொல்லையும் கைபேசிக்கு வந்த ரகசிய எண்ணையும் கொடுத்து ஏமாந்த எழுத்தர் மரியதாஸ், வேலை போகும் பயத்தில் நின்றார்.

“இப்படி ஏமாறுகிறவன் முட்டாள். என்னை ஏமாற்று, இவனை விட்டுவிடுகிறேன்” என்றார் பொது மேலாளர் வைத்திலிங்கம், பாதுகாப்பைச் சோதிக்க நிர்வாகம் அனுமதித்திருந்த பயிற்சிப் பெண் அஞ்சுகத்திடம்.

மறுநாள் அவருக்கு மின்னஞ்சல் வந்தது: ‘கீழுள்ள பக்கத்தில் கடவுச்சொல்லுடன் நுழைந்து, பாராட்டு விழா அழைப்பிதழில் தங்கள் பட்டங்களைச் சரிபார்க்கவும்.’

மாலையில் அஞ்சுகம், அவர் அங்கே நிரப்பிய ஏழு பட்டங்கள் கொண்ட தாளை நீட்டினாள்.

“விழா இல்லைங்க ஐயா. பக்கம் என்னுடையது. உங்க ரகசிய எண்ணும் வந்துடுச்சு.”

“ஒரு தடவை கைதவறிடுச்சு.”

“ஒரு தடவை ஏமாந்தது மரியதாஸ் அண்ணன். நீங்க ‘செம்மல்’ பட்டம் விட்டுப்போச்சுன்னு திரும்பவும் அந்தப் பக்கத்துக்கு வந்தீங்க.”

வைத்திலிங்கம் மரியதாஸின் பணிநீக்க உத்தரவைக் கிழித்தார். வேலை தப்பியது. ஆனால் கைபேசி ஒலிக்கும்போதெல்லாம் மரியதாஸ் அதை எடுக்காமல் கவிழ்த்து வைப்பது நிற்கவில்லை.