பாம்புக்குப் பயந்த படைத்தலைவர்

ராஜாக்கள் யானை மேல் ஊர்வலம் போன காலத்தில் நடந்தது இது. பெரியவர்களும் கேட்கலாம், சின்னவர்களும் கேட்கலாம். பாம்பு வருகிற இடத்தில் மட்டும் யாரும் எழுந்து ஓடக் கூடாது.

ஒரு நாட்டு ராஜாவிடம் கொற்றவேலர் என்று ஒரு படைத்தலைவர் இருந்தார். மலை மாதிரி ஆள். ராஜாவுக்காக மூன்று பெரிய போர்களில் வாள் பிடித்தவர். மதம் பிடித்த யானை எதிரே வந்தபோது இமை கொட்டாமல் நின்றவர். தோளில் தைத்த அம்போடு வெள்ளத்தில் நீந்திக் கரையேறியவர். அவருக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று ஊரே சொன்னது. ஊர் சொன்னதை அவரும் மறுக்கவில்லை.

மூன்றாவது போர் முடிந்து நாடு அமைதியானது. ராஜா அவரைக் கூப்பிட்டார்.

"கொற்றவேலரே, உம் முகத்தைப் பார்த்தால் எனக்கே அலுப்பாக இருக்கிறது. ஆற்றங்கரைத் தோப்பில் என் மாளிகை சும்மாதான் கிடக்கிறது. மனைவியை அழைத்துக்கொண்டு ஒரு மாதம் போய் இரும். நன்றாகச் சாப்பிடும், குளியும், தூங்கும். வாளைத் தொட்டீர் என்று கேள்விப்பட்டேனோ, இன்னும் ஒரு மாதம் ஓய்வு கொடுத்துவிடுவேன்!"

இதைக் கேட்டு மிகவும் மகிழ்ந்தவள் படைத்தலைவரின் மனைவி பெருந்தேவிதான். கல்யாணமான நாளிலிருந்து கணவர் சேர்ந்தாற்போல ஒரு மாதம் வீட்டில் இருந்ததே இல்லை. கூடை கூடையாகப் பலகாரம் கட்டினாள். ஊறுகாய் ஜாடியை மடியிலேயே வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். காவலுக்கு ஆதன் என்ற வீரனும் அவனோடு சில ஆட்களும் வந்தார்கள்.

மாளிகை சின்னதுதான். ஆனால் வாசலில் முல்லைப் பந்தல், பின்னால் மாந்தோப்பு, அதற்கும் பின்னால் சலசலவென்று ஆறு. ஆற்றின் கரையெல்லாம் ஆள் உயரத்துக்குக் கோரை வளர்ந்து நின்றது. பக்கத்து ஊர்ப் பெண்கள் அதை அறுத்து, கிழித்து, காயவைத்துப் பாய் முடைவார்கள். அந்த ஊருக்கு அதுதான் சோறு.

முதல் நாள் காலை. பெருந்தேவி தலை வாரிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பூப் பறித்து வரலாம் என்று கொற்றவேலர் பந்தலுக்குப் போனார். ஒரு கொத்து முல்லையைப் பறிக்கக் கையை நீட்டினார்.

பக்கத்தில் இருந்த கொடி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது.

பச்சைப் பாம்பு! கொடியோடு கொடியாகத் தொங்கி, ஓணான் பிடித்துத் தின்று பிழைக்கிற சாது அது. மனிதரை ஒன்றும் செய்யாது. இவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காற்றில் ஆடுகிற மாதிரி ஆடி, இலைக்குள் போய்விட்டது.

இங்கே ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். யானைக்கு அஞ்சாத கொற்றவேலருக்குப் பாம்பென்றால் நடுக்கம். புழுவை விடக் கொஞ்சம் நீளமாக எது நெளிந்தாலும் அவர் அந்தப் பக்கமே போக மாட்டார். இது மண்ணுக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது.

வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"பூ எங்கே?" என்றாள் பெருந்தேவி.

"இந்த ஊர் முல்லைக்கு வாசமே இல்லை" என்றார். வீடெல்லாம் முல்லை மணத்துக்கொண்டிருந்தது.

இது முதல் பொய். இதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

இரண்டு நாள் கழித்து, சாப்பிட்ட களைப்பில் தோப்புக்குள் நடந்துகொண்டிருந்தார். நல்ல நிழல். எங்கோ குயில் கூவியது. "போர் இல்லாத உலகம் இவ்வளவு அழகா!" என்று நினைத்தபடி அடுத்த அடி எடுத்து வைக்கப் போனார். வழியின் குறுக்கே ஒரு சாரைப் பாம்பு, கயிறு மாதிரி நீட்டிப் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எலியைத் துரத்தித் துரத்தி அலுத்துப் போன சாரை அது. காலடி கேட்டதும் விருட்டென்று புதருக்குள் ஓடிவிட்டது.

கொற்றவேலரும் விருட்டென்று ஓடினார். அவர் போனது மேலே.

தேடிக்கொண்டு வந்த பெருந்தேவி, மாமரத்தின் உச்சிக் கிளையில் கணவரைக் கண்டாள்.

"அங்கே என்ன செய்கிறீர்கள்?"

"மாங்காய் பறிக்க ஏறினேன்."

"இப்போதுதானே பூவே விட்டிருக்கிறது?"

"அந்தப் பூவைத்தான் பார்க்க ஏறினேன்."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "சரி, பார்த்து முடித்ததும் இறங்கி வாருங்கள். சுக்குத் தண்ணீர் ஆறிப்போகிறது."

இது இரண்டாவது பொய். இதனாலும் யாருக்கும் நஷ்டமில்லை. தொடையில் கொஞ்சம் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

மூன்றாவது பாம்பு ஆற்றில் வந்தது.

அன்று அவர் மார்பளவுத் தண்ணீரில் நின்று சுகமாகக் குளித்துக்கொண்டிருந்தார். கரையில் பெண்கள் கோரை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சடைச்சி என்பவள்தான் வாயாடி. வேலை நடக்கிற நேரமெல்லாம் அவள் பேச்சும் நடக்கும்.

தண்ணீரில் ஒரு கோடு தெரிந்தது. கோட்டின் நுனியில் ஒரு தலை தெரிந்தது. மீன் தேடி வந்த தண்ணீர்ப் பாம்பு, அவர் நெஞ்சை உரசுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

"ஐயோ!"

மூன்று போர்க்களங்களில் ஒருவரும் கேட்டிராத சத்தம் அது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடினார். படியில் கால் வழுக்கியது. கரைச் சேற்றில் முகம் குப்புற விழுந்தார். எழுந்தபோது கண் இரண்டும் மூக்கு நுனியும் மட்டும்தான் தெரிந்தன.

சடைச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சாமி! அது தண்ணிப் பாம்புதான்! மீனைப் பிடிக்க வந்திருக்கு, உங்களைப் பிடிக்க வரல!"

எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. யார் விழுந்தாலும் அப்படித்தான் சிரித்திருப்பார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த காவலாட்களும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

கொற்றவேலருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெட்கம் கோபமாக மாற எவ்வளவு நேரம் ஆகும்?

"அது தண்ணீர்ப் பாம்பில்லை, நாகம்! இந்தக் கோரைக்குள் ஒரு கூட்டமே இருக்கிறது. ராஜாவே வந்து தங்குகிற இடம் இது! ஆதா, நாளைக் காலையில் இந்தக் கோரைக்காடு முழுவதையும் கொளுத்திவிடு!"

சிரிப்பு நின்றது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இது மூன்றாவது பொய்.

அன்று மாலை பெருந்தேவி அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நீங்கள் பார்த்தது நாகம்தானா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"என் கண்ணை நம்பவில்லையா நீ?"

"நம்புகிறேன். அதனால்தான் கேட்டேன்."

அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார்.

மறுநாள் காலை ஆதனும் ஆட்களும் தீப்பந்தத்தோடு கரையில் வந்து நின்றார்கள். கோரை நன்றாக முற்றி நின்றது. அடியில் சருகு காய்ந்து கிடந்தது. காற்றும் வீசியது. ஒரு பொறி போதும்.

ஆனால் கோரைக்கு நடுவே பெண்கள் நின்றார்கள். ஊரில் இருந்த அத்தனை பேரும் வந்து விறுவிறுவென்று அறுத்துக்கொண்டிருந்தார்கள். எரிவதற்கு முன்னால் அறுத்ததாவது மிஞ்சட்டும் என்ற தவிப்பு. அறுத்ததைக் கரையில் போட்டார்கள். காட்டில் நூற்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை.

கொற்றவேலர் மனைவியோடு வந்ததைக் கண்டு சடைச்சி அரிவாளைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்தாள். நேற்றைய சிரிப்பு அவள் முகத்தில் இல்லை.

"சாமி, நான் சிரிச்சது தப்புதான். அதுக்கு என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க. எதிரி நாட்டு வயலுக்குக்கூட நீங்க தீ வச்சதில்லைன்னு சொல்றாங்களே! எங்க கோரை உங்களுக்கு என்ன பண்ணிச்சு?"

அது உண்மை. போரில் கதிருக்குத் தீ வைத்த வீரனை, தன் படையாள் என்றும் பாராமல், அவர் விரட்டி அனுப்பியிருக்கிறார்.

அவர் ஆதனைப் பார்த்தார். ஆதன் பந்தத்தைத் தாழ்த்திப் பிடித்தபடி தயங்கித் தயங்கிக் கேட்டான்: "தலைவரே, தப்பாக நினைக்க வேண்டாம். நீங்கள் பார்த்த பாம்பு படம் எடுத்ததா?"

ஒரே ஒரு கேள்வி. 'ஆம்' என்றால் காடு எரியும். அவர் பேர் நிற்கும். 'இல்லை' என்றால் காடு நிற்கும். அவர் பேர் போய்விடும்.

யானை முன் நின்றபோதுகூட அவருக்கு இப்படி வியர்த்ததில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பெண்களைப் பார்த்தார். கையில் அறுத்த கோரையோடு அப்படியே நின்றார்கள்.

"இல்லை" என்றார்.

பக்கத்தில் நின்ற ஆதனுக்குக்கூடக் கேட்கவில்லை. நிமிர்ந்து நின்று, படைக்குக் கட்டளை இடுகிற குரலில் சொன்னார்:

"இல்லை! படம் எடுக்கவில்லை. அது தண்ணீர்ப் பாம்புதான். எனக்குப் பாம்பென்றால் பயம். சின்ன வயதிலிருந்தே பயம். பச்சைப் பாம்புக்குப் பயந்து பூப் பறிக்காமல் வந்தேன். சாரைக்குப் பயந்து மரத்தில் ஏறினேன். நேற்றுப் பயத்தில் சேற்றில் விழுந்தேன். இதுதான் நடந்தது. ஆதா, பந்தத்தை அணை!"

பந்தம் தண்ணீரில் விழுந்து சுர்ரென்றது. இனித் தன்னை யார் மதிப்பார்கள் என்று அவர் தலை குனிந்து நின்றார்.

ஆதன் தலையைச் சொறிந்தான். "எனக்கும்தான் தலைவரே. பாம்பைக் கண்டால் அரைக் காதம் சுற்றிப் போகிறவன் நான். நீங்கள் கொளுத்தச் சொன்னதும் உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது."

பின்னால் நின்ற ஒரு முரட்டுக் காவலன் முணுமுணுத்தான்: "எனக்குப் பாம்பு பரவாயில்லை. பல்லி ஆகாது."

"பல்லியா!" என்று யாரோ கேட்க, "நீ மட்டும் என்ன, இடி இடித்தால் கட்டிலுக்கடியில் போகிறவன்தானே?" என்று இன்னொருவன் அவனைக் காட்டிக்கொடுத்தான்.

சடைச்சிக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தடவை கொற்றவேலரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெண்கள் அவசரத்தில் தாறுமாறாகப் போட்டிருந்த கோரையைத் தானே கட்டுக் கட்டாகக் கட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு கட்டையும் முதலில் கம்பால் தட்டிப் பார்த்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு கணவனும் மனைவியும் ஆற்றுப் படியில் உட்கார்ந்தார்கள்.

"நீ மட்டும் இன்று சிரிக்கவே இல்லையே?" என்று கேட்டார்.

பெருந்தேவி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் ஒரு பயம் உண்டு. அரண்மனையில் போர் முரசு அடித்தால் கை கால் சில்லிட்டுப் போகும். ஒவ்வொரு தடவையும் சிரித்த முகத்தோடுதான் உங்களுக்குத் திலகம் வைத்து அனுப்பினேன். நீங்கள் தெருமுனை திரும்பியதும் அடுக்களையில் போய் உட்கார்ந்துகொள்வேன். பயமே தெரியாதவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று இருந்தேன்."

கொற்றவேலர் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். மூன்று போர்களாக ஒரே வீட்டில் இரண்டு பயங்கள், ஒன்றையொன்று தெரியாமலே இருந்திருக்கின்றன.

மீதி நாட்கள் நல்ல நாட்களாகப் போயின. அவர் பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. தோப்பில் பாம்பைக் கண்டால், "பெருந்தேவி, ஒன்று நிற்கிறது, கொஞ்சம் வா" என்று வாய்விட்டுக் கூப்பிடுவார். அவள் வந்து பக்கத்தில் நிற்பாள். அது போகும்வரை இருவரும் நின்று பார்ப்பார்கள். பார்க்கப் பார்க்க, அதன் நடையில் ஓர் அழகு இருப்பதுகூட அவருக்குத் தெரிய ஆரம்பித்தது. தூரத்திலிருந்துதான்.

ஊருக்குத் திரும்பியதும் இந்தச் செய்தி படை முழுதும் பரவியது. யாரும் அவரைக் குறைவாக எண்ணவில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், "ஐயா, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று கூசாமல் அவரிடம் வந்து சொன்னார்கள். அவரும் உட்காரவைத்துக் கேட்டார்.

ஆகவே, கதை கேட்டவர்களே, இதை மனதில் வையுங்கள்: பயப்படுவது குற்றமில்லை, அந்தப் பயத்தை மறைப்பதற்காக ஒரு பாவமும் அறியாதவர்கள் மேல் தீயை ஏவுவதுதான் குற்றம்.