வெள்ளையாக விட்ட இடம்

சாயங்காலம் புயல் கரையேறும் என்று சொல்லிவிட்டார்கள். கடலோரத் தாலுகாவின் வரைபட அறையில் இருந்தது இரண்டே பேர். குரு தில்லைநாயகிக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. சீடர் சவரிமுத்துவோ ஓய்வு பெறும் வயதில் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்து மாட்டிக்கொண்டவர்.

எங்கே வெள்ளம் நிற்கும் என்று காட்டும், சவரிமுத்து அளந்து வரைந்த படம் தயார். தண்ணீர் நிற்கும் இடம் நீலம், மற்றதெல்லாம் வெள்ளை. படத்தைப் பற்றிய விவரங்களை இணையப் படிவத்தில் நிரப்பினால்தான் அது கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் ஜனங்களைப் பஸ்ஸில் ஏற்றி முகாம்களுக்கு அனுப்புவார்கள்.

யார் அளந்தது, எப்போது, எப்படி, எதுவரை என்று படிவம் கேட்டுக்கொண்டே போனது. சவரிமுத்து தட்டுவதை நிறுத்தினார்.

"படம்தான் கண்ணு முன்னாடி இருக்கே டீச்சர். அதைப் பத்தி இவ்வளவு எதுக்கு எழுதணும்?"

தில்லைநாயகி திரையைப் பார்த்தார். 'குறைபாடுகள்' என்ற கட்டத்தில் 'ஏதுமில்லை' என்று இருந்தது. தொடர்புக்கு, அலுவலகத்தின் பொது எண். அவர் தன் போனை எடுத்தார்.

சவரிமுத்துவின் சட்டைப்பையில் மணி அடித்தது.

"ஹலோ சார், பஸ் டிரைவர் பேசறேன்."

"டீச்சர், விளையாடற நேரமா இது?"

"டீச்சர் யாரு சார்? வண்டி நிறைய ஆளுங்க. கைக்குழந்தை வேற அழுவுது. தாழைக்குப்பம் ஸ்கூல் உங்க படத்துல வெள்ளையா இருக்கு. இறக்கி விட்டுட்டுக் கிளம்பட்டுமா?"

சவரிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அளவெடுத்த வாரம் வாய்க்கால் பாலத்தில் வேலை நடந்தது. தாழைக்குப்பம் இருக்கும் அக்கரைக்கு அவர் போகவே இல்லை.

"இறக்காதீங்க! அங்க நான் அளக்கல."

"வெள்ளையா இருக்கே சார்?"

"தண்ணி நிக்காதுன்னு வெள்ளை இல்ல. நான் போகாததால வெள்ளை."

"அது எனக்கு எப்படி சார் தெரியும்?"

சவரிமுத்து படிவத்தின் பக்கம் திரும்பினார். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. 'ஏதுமில்லை'யை அழித்தார். வாய்க்காலுக்கு அக்கரையில் அளக்கவில்லை, வெள்ளை என்று நம்பி அங்கே யாரையும் தங்க வைக்க வேண்டாம் என்று எழுதினார். பொது எண்ணையும் அழித்துவிட்டுத் தன் எண்ணைப் போட்டு அனுப்பினார். அப்படிச் செய்யும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

மழை வலுத்தது. போன் மறுபடி அடித்தது. குருவின் கையில் போன் இல்லை.

"சார், கண்ட்ரோல் ரூம். படத்துல வெள்ளையைப் பார்த்துட்டுத் தாழைக்குப்பத்துக்கு பஸ்ஸெல்லாம் கிளம்பிடுச்சு. இப்பதான் நீங்க எழுதினதைப் பார்த்தோம். எங்க திருப்பச் சொல்றது? சீக்கிரம் சொல்லுங்க!"

சவரிமுத்து போனைக் கையால் பொத்தினார்.

"டீச்சர், நான் என்ன சொல்ல?"

"வெள்ளையில நீங்க போய் நின்னு அளந்த இடம் எதுண்ணே? அங்க வரச் சொல்லுங்க."