பாக்கிக்குப் பிடித்து வைத்த வீடு

மந்தைப்புதூர்க்காரர்களுக்குப் புத்தி குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. குறைவதற்கு முதலில் கொஞ்சமாவது இருக்க வேண்டும். அந்த ஊரிலேயே கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர் வடமலை மேஸ்திரி. மற்றவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

மேஸ்திரியும் கொத்தனார் சோணையும் மாரப்ப முதலாளிக்கு ஒரு வீடு கட்டினார்கள். செங்கல் கொடுத்தவர் அதே ஊர்ச் சூளைக்காரர் சீரங்கன். கதவு மாட்டுவதுதான் மிச்சம். முதலாளி மூன்று பேருக்கும் பாக்கிப் பணத்தைத் தராமல் இன்று நாளை என்று இழுத்தடித்தார். மேஸ்திரியின் மனைவி பூவாத்தாவின் கம்மல் அடகுக் கடையில் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் மீட்காவிட்டால் ஏலத்தில் போய்விடும்.

மூவரும் டவுன் வக்கீலிடம் போனார்கள். உழைப்பைப் போட்டவனுக்கும் சாமான் போட்டவனுக்கும் அந்தக் கட்டடத்தின் மேலேயே உரிமை உண்டு என்று அவர் விளக்கினார். அதை எழுதி நோட்டீஸ் ஒட்டச் சொன்னார்.

"பாக்கி வர்ற வரைக்கும் எதையும் உள்ள விடாதீங்க. நோட்டீஸ் ஒட்டின அப்புறம் ஒரு செங்கல்லயும் கை வைக்காதீங்க," என்றார்.

கதவில்லாத வீட்டுக்குள் எதையும் விடாமல் இருப்பது எப்படி? வாசலையே சுவர் வைத்து அடைப்பது என்று முடிவாயிற்று. சுவரை வெளியே நின்று கட்டுவதா, உள்ளே நின்று கட்டுவதா என்பதில்தான் ஒரு பகல் போனது.

"வெளிய நின்னு கட்டினா நம்ம உரிமை உள்ள தனியாக் கெடக்குமேண்ணே," என்றார் சோணை.

மேஸ்திரிக்கு அது சரியாகவே பட்டது. மூவரும் உள்ளே போய், வாசலை அடைத்துப் பூசி, நோட்டீஸையும் உள்பக்கமே ஒட்டினார்கள். வெளியே ஒட்டினால் மழையில் நனைந்துவிடும் அல்லவா?

இரண்டு நாள் கழிந்தது. பூவாத்தா மனசு கேட்காமல் ஜன்னலுக்குச் சோறு கொண்டுவந்தாள். எதையும் உள்ளே விடக்கூடாது என்று அதைத் திருப்பி அனுப்பினார்கள். மேஸ்திரி கண்ணீரோடுதான் அனுப்பினார்.

வியாழக்கிழமை காலையில் முதலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார். மறுநாள் அவருக்குக் கிரகப்பிரவேசம். மொத்தப் பாக்கியையும் ஜன்னல் கம்பி வழியாக நீட்டினார். மேஸ்திரியின் கை தானாகவே நீண்டது. சீரங்கன் அதைப் பிடித்து இழுத்தார். பாக்கி இன்னும் வரவில்லை, வராதவரை எதையும் உள்ளே விடக்கூடாது, பணமும் அதில் சேர்த்திதான் என்றார்.

"அப்ப சுவத்த இடிச்சிட்டு வெளிய வந்து வாங்கிக்குங்கய்யா," என்று முதலாளி கெஞ்சினார்.

பாக்கி வராமல் ஒரு செங்கல்லையும் தொட மாட்டோம் என்றார் சோணை.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே மேஸ்திரி கம்மலை நினைத்து விரல்விட்டு எண்ணினார்; மறுநாள் வெள்ளிக்கிழமை. வெகுநேரம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து ஜன்னலுக்கு வந்தார்.

"மொதலாளி, வேற மேஸ்திரி ஒருத்தரக் கூட்டியாந்து கொல்லப்பக்கம் ஒரு வாசல் வெட்டச் சொல்லுங்க. அவருக்குத்தான் பாக்கி இல்லையே, அவரு செங்கல்ல கை வைக்கலாம். ஆனா கூலிய மட்டும் அன்னிக்கே குடுத்துருங்க. இல்லேன்னா அந்த வாசல அடைச்சிட்டு அவரும் உள்ள உக்காந்துக்குவாரு. எங்க மூணு பேருக்கே இங்க எடம் பத்தல."